உடைந்த பெஞ்சும் ஒப்பாரிக் கவிதைகளும்

சென்ற மாதம் வேலூரில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் இளங்கவிஞர் ஒருவர் கவிதை வாசித்தார். தாத்தா வீட்டு வாசலில் கிடந்த மரப்பெஞ்சைப் பற்றிய கவிதை. அதன் கால் ஒன்று இற்றுப்போகிறது. பின்னொரு மழைக்காலத்தில் பெஞ்சு வெந்நீர் அடுப்புக்குப் போகிறது. எழுந்த புகையில் தாத்தாவின் சுருட்டு மணக்கிறது. அரங்கம் நெகிழ்ந்துவிட்டது. என் பக்கத்திலிருந்த மூத்த வாசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் எழுந்து, அதுவரை உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கிவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம்.

தேநீர்க் கடையில் அவரிடம் கேட்டேன்: "தம்பி, அந்தப் பெஞ்சுக்கு எத்தனை கால் இத்துப் போயிருந்தது?"

"ஒண்ணுதான் சார்."

"மத்த மூணும்?"

அவர் சிரித்தார். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார் போலும். நான் நகைச்சுவைக்காகக் கேட்கவில்லை. மூன்று கால் நன்றாக இருந்த பெஞ்சை எரித்துவிட்டு அதற்கு இரங்கற்பா பாடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழம்பொருள்களைப் பற்றிய ஏக்கம் நம் எழுத்தில் பெருகிக் கிடக்கிறது. திண்ணை, கயிற்றுக்கட்டில், முற்றம், ஊஞ்சல் என்று நாம் பாடாத பொருளில்லை. அவற்றில் ஒன்றையேனும் பழுதுபார்த்தவர்கள் நம்முள் எத்தனை பேர்? பழுதுபார்க்கும் கையில்லாத ஏக்கம் ஒருவகைச் சோம்பல் என்றே கருதுகிறேன். அதற்குச் சொல்லழகு சேர்ந்துவிட்டால் அது பொய்யுமாகிவிடுகிறது. இதில் முதல் குற்றவாளி நான். எனவே என் வீட்டுப் பெஞ்சிலிருந்தே தொடங்குகிறேன்.

*

அகராதியில் அதற்கு விசிப்பலகை என்று பெயர். வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆம்பூரில் எங்கள் வீட்டு வாசலில் கிடந்ததற்குப் பெயர் பெஞ்சுதான். 1988இல் என் தந்தையார் தாமே செய்தது. ஏழடி நீளம். உட்காரும் பலகைகள் இரண்டும் வேம்பு, கால்கள் நான்கும் கருவேலம், குறுக்குச் சட்டங்கள் பனை. அவர் தச்சர் அல்லர். தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். ஆகவே பெஞ்சில் ஒரு தச்சர் செய்யாத பிழைகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பெஞ்சு அழகுக்காகப் போடப்பட்டதன்று. ஆம்பூர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும்: காலணியின் மேற்பகுதியை வீட்டில் வைத்துக் கையால் தைத்துக்கொடுக்கும் பெண்கள் இங்கே தெருத்தெருவாக இருக்கிறார்கள். ஜோடிக் கணக்கில் கூலி. தோலில் போட்ட துளை கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் வெளிச்சம் வேண்டும். எங்கள் வீடுகளுக்குள் வெளிச்சம் கிடையாது. ஆகவே வாசல்தான் தொழிற்கூடம். என் தாயாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரும் அந்தப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து தைத்த தையலில்தான் நான் முதுகலை தமிழிலக்கியம் படித்தேன்.

வேலை கிடைத்து, கடன் வாங்கி, 2019இல் அந்த வீட்டைப் புதுப்பித்தேன். வாசலுக்கு ஓடு பதித்தாயிற்று. மேஸ்திரி பெஞ்சைக் காலால் தட்டிப் பார்த்து, "வெளியில போட்ட மரம் தாங்காது சார்" என்றார். நானும் தலையாட்டினேன். பெஞ்சு பக்கச் சுவரில் சாய்க்கப்பட்டது. பாலாற்றில் வெள்ளம் புரண்ட 2021 நவம்பர் மழை முழுவதும் அது நனைந்தது. வாசலுக்கு நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. இரண்டு கோடையில் இரண்டின் கால்கள் பிளந்தன. நாற்காலியின் கைப்பிடி முழங்கையில் இடிக்கிறது, ஊசியை இழுக்க முடியவில்லை என்று என் தாயார் படிக்கட்டில் உட்காரத் தொடங்கினார். முதுகுவலி என்றார். மருந்து வாங்கிக்கொடுத்தேன். பெஞ்சைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன். நல்லவேளை, அது வெளிவரவில்லை.

*

இனி, பெஞ்சைக் கைவிடுவதற்கு நாம் சொல்லும் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் சாக்கு மேஸ்திரி சொன்னது: வெளியில் போட்ட மரம் தாங்காது. இதைத் தோல்பதனிடும் ஊரில் இருந்துகொண்டு சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். இங்கே தொழிற்சாலைகளில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்கள் மரத்தால் ஆனவை. நாளெல்லாம் தண்ணீரிலும் உப்பிலும் புரண்டு ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. நனைவதால் மட்டுமே மரம் அழிந்துவிடுமானால் இந்தத் தொழிலே நடந்திராது.

மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. நனைந்த மரம் அன்றே காய்ந்துவிட்டால் அதற்கு ஒன்றும் நேராது. நனைந்தது காய வழியில்லாத இடத்தில்தான் இற்றுப்போதல் தொடங்குகிறது. மண்ணைத் தொடும் காலடி, இரண்டு பலகைகள் நெருங்கும் இடுக்கு, மூட்டின் உட்புறம் ஆகியவை அத்தகைய இடங்கள். பலகையின் முகத்தைவிட அறுத்த முனை பன்மடங்கு விரைவாகத் தண்ணீரை உறிஞ்சும். உயிரோடிருந்தபோது மரம் நீரை மேலே ஏற்றிய வழி அதுதானே. பெஞ்சின் கால் என்பது அறுத்த முனையைச் சேற்றில் ஊன்றி வைத்திருக்கும் ஒரு உறிஞ்சுகுழாய்.

இதில் தமிழாசிரியனாகிய நான் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்றுண்டு. உள்ளே வைரம் உடையது மரம், புறத்தே வைரம் உடையது புல் என்று தொல்காப்பியர் மரபியலில் பிரிக்கிறார். பனையும் தென்னையும் மூங்கிலும் அவர் கணக்கில் புல். இருபது ஆண்டுகளாக இதைத் தேர்வுக்குரிய வினாவாகவே நடத்தியிருக்கிறேன். ஒரு மரத்துண்டைக் கையிலெடுத்து அதைக் காட்டியதில்லை. அந்த நூற்பா ஒரு தச்சருக்கு நேரடியான கட்டளை: வேம்பிலும் கருவேலத்திலும் வெளிப்புற வெள்ளையை நீக்கிவிட்டு உள்வைரத்தைப் பயன்படுத்து, பனையில் வெளிப்புறத்தைக் காப்பாற்றி உள்ளிருக்கும் சோற்றை நீக்கு.

சென்ற ஆண்டு, பேரணாம்பட்டிலிருந்து எழுபது வயதைத் தாண்டிய தச்சர் ஒருவரை அழைத்துவந்தேன். பாய் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டார். என் தாயாரின் குத்தூசியை வாங்கி, ஒவ்வோர் அங்குலமாகக் குத்திப் பார்த்தார். நல்ல மரத்தில் ஊசி இறங்க மறுத்தது. இற்ற இடத்தில் வெண்ணெயில்போல் இறங்கியது. இருபது நிமிடச் சோதனை. பிறகு சொன்னார்:

"மரம் சாகல சார். காலு மட்டும் நனைஞ்சிருக்கு. நாலு காலும் நாலு அங்குலம். குறுக்குச் சட்டம் ரெண்டும் போச்சு. அது உங்கப்பா செஞ்ச தப்பு. பனையில வெளிப்பக்கம் கருப்பா இருக்குதேன்னு இழைச்சு எடுத்துட்டாரு. வைரத்த எடுத்துட்டுச் சோத்த விட்டாரு."

படிப்பறிவு அதிகமில்லாத பாய், தொல்காப்பியத்தை என் வீட்டு வாசலில் நடத்திவிட்டுப் போனார்.

*

இரண்டாம் சாக்கு முதலாவதைவிட ஆபத்தானது. ஏனென்றால் அது பழுதுபார்ப்பதுபோலத் தோன்றும். "ரெண்டு ஆணி அடிச்சு, ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது" என்பது அது. என் தந்தையாரும் பின்னாளில் ஆட்டம் கண்ட மூட்டுகளில் இரும்பாணி அடித்திருந்தார். ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மரம் மைக்கறுப்பாகி, தொட்டால் உதிர்ந்தது.

காரணத்தை இந்த ஊரில் யாரும் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. 1970களுக்குப் பின் குரோம் பதனிடல் பரவுவதற்கு முன்பு, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கருவேலம்பட்டையும்தான் இங்கே தோலைப் பதப்படுத்தின. அவற்றிலிருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைச் சந்தித்தால் கருநீலமாகும். கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைக் கலந்து மை காய்ச்சியவர்கள் நம் முன்னோர். கருவேலக் காலில் இரும்பாணி அடிப்பது, மழை வரும்போதெல்லாம் அந்த ஓட்டைக்குள் மை காய்ச்சுவதாகும். ஆணி துருவேற, துரு சுற்றியுள்ள மரத்தின் நாரை அரிக்க, மூட்டு முன்னைவிடத் தளரும். தோலில் எது கறுக்கும் என்று தெரிந்த ஊருக்கு மரத்தில் எது கறுக்கும் என்பது மறந்துபோனதை என்னவென்று சொல்வது!

எனாமல் பெயிண்டின் கதையும் இதுவே. வேலூரில் கோடையில் வெயில் நாற்பது பாகையைத் தாண்டும். ஐப்பசியில் அடைமழை பிடிக்கும். மரம் குறுக்குவாக்கில் சுருங்கும், விரியும். பெயிண்ட் அதனோடு நெடுநாள் ஈடுகொடுக்காது, வெடிக்கும். வெடிப்பின் வழியே புகுந்த தண்ணீர் பெயிண்டுக்கு உள்ளே சிறைப்பட்டுக் காய வழியின்றிக் கிடக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே சாம்பல். பூங்காக்களில் மரப்பெஞ்சின் காலைச் சிமெண்டில் புதைக்கிறார்களே, அது இன்னும் கொடுமை. மண்ணிலாவது ஈரம் வடியும். சிமெண்ட்டுக்கும் மரத்துக்கும் இடையே விழும் இடுக்கு சின்னஞ்சிறு தண்ணீர்த் தொட்டி.

பாய் செய்தது இவ்வளவுதான். இற்ற அடிக்கால்களை அறுத்தெறிந்தார். பழைய காலையும் புதுக் கருவேலத் துண்டையும் ஏழங்குல நீளத்துக்குப் பாதிப்பாதியாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, தண்ணீருக்கு அசையாத எபாக்ஸிப் பசை தடவி, இரண்டிரண்டு மூங்கில் ஆணி அறைந்தார். காலின் அறுத்த முனையிலும் அதே பசையைப் பூசி வாயை அடைத்தார். ஒட்டிக்கிடந்த இரண்டு வேப்பம்பலகைகளையும் பிரித்து நடுவே கால் அங்குலம் இடைவெளி விட்டார். மழைநீர் நிற்காதிருக்கப் பலகையை முன்பக்கம் ஒரு நூல் அளவு சாய்த்தார். பனைச் சட்டத்துக்குப் பதில் வேம்பு. திருகாணி வேண்டிய இரண்டிடங்களில் துருப்பிடிக்காத எஃகு. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கருங்கல் சில்லு. வேலூர்க்காரனுக்குக் கல்லுக்கா பஞ்சம்? பெயிண்ட் கிடையாது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மட்டும் இரண்டு தடவை. ஆண்டுக்கொருமுறை, பங்குனியில், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, திரும்பப் பூச வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றும் என்று இரண்டுமுறை எச்சரித்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய டிரம் பலகை மலிவாகக் கிடைக்கிறதே, பெஞ்சுக்கு ஆகாதா என்று கேட்டேன். "குரோம் குடிச்ச பலகை. உட்காரவும் ஆகாது, எரிக்கவும் ஆகாது" என்றார். தோல் கழிவால் பாலாற்றுக்கும் கிணறுகளுக்கும் நேர்ந்ததை 1996இல் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்று தீர்ப்பு வாங்கிய மாவட்டம் இது. கிடைத்ததையெல்லாம் மறுபயன்பாடு என்று கொண்டாடும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதைக் காப்பது, எதைக் கழிப்பது என்று தெரிவதும் பழுதுபார்க்கும் அறிவில் சேர்ந்தது.

*

மூன்றாம் சாக்கு: கட்டுப்படியாகாது. இதில் பாதி உண்மை உண்டு. மரம், பசை, எண்ணெய், இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கியிருக்கலாம். ஆனால் நம் வெயிலில் பிளாஸ்டிக் நாளடைவில் வெளிறி நொறுங்கும் தன்மையது. ஒரு கால் பிளந்தால் நாற்காலி முழுவதும் குப்பை. அதற்கு ஒட்டுக்கால் போட முடியாது. முப்பது ஆண்டுக்கு மேல் நின்ற பெஞ்சுக்கு நான்கு அங்குலம் மாற்றினால் போதும் என்பதையும், இரண்டு ஆண்டில் இரண்டு நாற்காலி போனதையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூலி யாருக்குப் போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. பாய்க்கு மாதத்தில் பத்து நாள்கூட வேலையில்லை. அவரோடு அந்தக் குத்தூசிச் சோதனையும் போய்விடும். பிறகு நாம் "மறைந்துவரும் கைவினைகள்" என்று சிறப்பிதழ் போடுவோம்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக உலகெங்கும் இன்று போராடுகிறார்கள். பிரான்சில் 2021 முதல் சில மின்கருவிகளைப் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று மதிப்பெண் ஒட்டி விற்க வேண்டும். இந்திய அரசும் 2022இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. கைப்பேசிக்கும் டிராக்டருக்கும் அந்த உரிமையை நிறுவனங்களிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது. பெஞ்சுக்கு அந்த உரிமையை எவரும் மறுக்கவில்லை. நாமே கைவிட்டோம். உடைந்த கிண்ணத்தைப் பொன்னால் ஒட்டும் ஜப்பானியக் கலையைப் பற்றி நம் இணைய இதழ்களில் எத்தனை கட்டுரைகள்! முறத்தின் ஓட்டையை வெந்தயமும் காகிதமும் அரைத்த விழுதால் மெழுகிய பாட்டியைப் பற்றி அதே இதழ்களில் கட்டுரை வந்தால், அதில் அவள் வைத்த விழுதின் பக்குவம் இராது. அவள் கண்ணீர்தான் இருக்கும்.

*

நிற்க. இதுவரை சொன்னவை எளிய வாதங்கள். நண்பர் ஒருவர், தீவிரப் பெரியாரியர், வைத்த எதிர்வாதம் எளியதன்று. "திண்ணையும் பெஞ்சும் யார் உட்கார்ந்தவை? டீக்கடையில் இரட்டைக் குவளை மட்டுமா இருந்தது, தனிப் பெஞ்சும் இருந்ததே. பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பரம்பரை இல்லை, சாதி இல்லை. அது வந்து எல்லோரையும் ஒரே உயரத்தில் உட்கார வைத்தது. நீ எதை மீட்கப் பார்க்கிறாய்?" என்றார்.

தாத்தாவின் பெஞ்சைப் பாடும் கவிதைகள் பலவற்றுக்கு இந்தக் கேள்வி பொருந்தும். அந்தப் பெஞ்சில் யார் உட்காரவில்லை என்பதை அவை சொல்வதேயில்லை. ஆனால் குற்றத்தை மரத்தின்மேல் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு விடுதலைப் பட்டம் சூட்ட முடியாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண்ணான ஊராட்சித் தலைவர் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். நாற்காலிகளுக்கா அங்கே பஞ்சம்?

என் தந்தையார் ஏன் அந்தப் பெஞ்சைச் செய்தார் என்பதை நான் இதுவரை எழுதியதில்லை. வேலை முடிந்து வருபவரை எங்கள் தெருமுனை டீக்கடைப் பெஞ்சில் உட்கார விடமாட்டார்கள். சுண்ணாம்புக்குழி நாற்றம் என்பது சொன்ன காரணம். சொல்லாத காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை. நின்றபடியே குடித்துவிட்டு வருவார். 1988இல் சாலையோரம் வெட்டிப்போட்ட வேம்பை விலைக்கு வாங்கிவந்து, கடன் வாங்கிய உளியும் ரம்பமும் கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழடிப் பெஞ்சு ஒன்றைச் செய்து வாசலில் போட்டார். எங்கள் வீட்டில் ஆட்கள் நால்வர். எதற்கு ஏழடி என்று தாயார் கேட்டதற்கு, "கூட வேலை செய்யறவங்க உட்கார வேணாமா?" என்றாராம். எனக்கு அப்போது ஏழு வயது. மாலையில் அந்தப் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்து எங்கள் வீட்டுத் தேநீர் குடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

நண்பரே, நான் மீட்டது அதை. அதைத்தான் 2019இல் ஒரு மேஸ்திரியின் ஒரு வாக்கியத்துக்காக மழையில் சாய்த்து வைத்தேன் என்பதை நினைக்கும்போது, பிறருடைய கவிதையைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை. ஆயினும் பேசுகிறேன். ஒரு பெஞ்சு யாரால், யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைக் கேட்காமல் ஏங்குவதும் தவறு. அதைக் கேட்காமல் எரிப்பதும் தவறு.

பழையபடி அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தந்தையாரின் பனைச் சட்டத்தை நாங்கள் திரும்ப வைக்கவில்லை. அவருடைய ஆணிகளைப் பிடுங்கினோம். முதுகுக்கு அவர் வைக்காத சாய்வுப்பலகை ஒன்றைச் சேர்த்தோம். ஊசி இழுக்கும் முழங்கைக்கு இடிக்காத உயரம் எது என்று என் தாயாரை உட்கார வைத்துப் பாய் அளந்தார். முன்னோர் செய்ததன் பிழையைத் திருத்துவதும் மரியாதைதான். இலக்கிய மரபைப் பற்றி நாம் மேடையில் பேசுவதையெல்லாம் அந்த இரண்டு நாளில் பாய் உளியால் செய்தார்.

அந்த இளங்கவிஞருக்கும் அவரை அன்று கைதட்டிப் பாராட்டிய எங்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பக்கச்சுவரில் ஏதேனும் ஒன்று சாய்ந்து கிடக்கும். கவிதை எழுதுவதற்கு முன் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஓர் ஊசியால் காலைக் குத்திப் பாருங்கள். எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று எழுதியனுப்புங்கள். பாயின் வீட்டுக்கு வழி நான் சொல்கிறேன்.